சாய்ச்சா ஆஃப் ஆகுற மெசின்

இழுத்துட்டாரு, வரலை. திரும்ப இழுக்கிறாரு, புஸ்ஸுன்னு ஒரு மூச்சு விட்டுச்சு, அம்புட்டுதான். சோக்கைத் தள்ளாம இழுத்தா எந்த மெசின்தான் வரும். சோக்கு, சோக்குன்னு இங்கேருந்து நான் தொண்டை கிழியக் கத்தினாலும் இந்த மனுசனுக்குக் கேக்கவா போகுது, கட்டைவிரலை முன்னால தள்ளிக் காட்டுறேன், பாத்துட்டாரு, தள்ளுறாரு, இப்ப வரும். வந்துருச்சு. டர்ருன்னு சத்தம், பெட்ரோல் புகை, வாசல்ல மேஞ்சுக்கிட்டு இருந்த கோழியெல்லாம் காப்பிச் செடிக்குள்ள பாயுது. நிமித்தி வச்சா நல்லாத்தான் ஓடுது, ஆக்சிலேட்டரை விட்ட பெறகும் வேகம் எறங்காம கொஞ்ச நேரம் இழுத்துக்கிட்டே நிக்குது, அது ஆகாது, ஆனா ஓடுது. இப்பத் தலையைத் தூக்கி என் மொகத்தைப் பாக்குறாரு. கையில ஓடுறது மரம் அறுக்குற மெசின், கண்ணு மட்டும் எம்மேல. சன்னாசிக்குக் காது போயி நாலு வருசமாச்சு, அன்னையிலேருந்து இந்த வீட்டுல மெசின் பாக்குற முறை இதுதான். என் வீட்டுக்காரரு ஓட்டுவாரு, நான் கேப்பேன். நான் கையை மேல தூக்கினா பெட்ரோலைக் கூட்டுவாரு, கீழ அமுக்கினா குறைப்பாரு, விரலை ஆட்டினா தடுமாறுதுன்னு அர்த்தம், கையை மூடிட்டா சரியாயிருச்சு அப்படியே விடுங்கன்னு அர்த்தம். பக்கவாட்டுல இருக்குற அந்தச் சின்ன ஸ்குருவை ஒரு நெல்லு அளவு திருப்புவாரு, என் கையைப் பாப்பாரு, இன்னொரு நெல்லு அளவு திருப்புவாரு. நாகஜோதி புருசன் பொண்டாட்டி காதை வச்சுல்ல மெசின் பாக்குறான்னு ஊருக்குள்ள ஒரு கேலி. பேசட்டும். வேற யாரு காதை வப்பாரு, பக்கத்து வீட்டுக்காரி காதையா வப்பாரு. என் மடியில சொளகு, சொளகுல பட்டர் பீன்ஸ், கை அது பாட்டுக்கு உரிக்குது, காது மட்டும் மெசின்ல கெடக்கு. அந்தா சாய்க்கிறாரு. மரத்தோட அடியில வைக்கிற மாதிரியே பிளேடைப் படுக்க வச்சு மெசினை ஒரு பக்கமாச் சாய்க்கிறாரு. வீல்லுன்னு கத்துது, கத்திட்டு, தொண்டையில சோறு அடைச்ச மாதிரி கம்முது, நின்னுபோச்சு.

திங்கக்கெழமையிலேருந்து இதே கூத்துதான். நிமித்தினா ஓடும், சாய்ச்சா ஆஃப் ஆகும். மரத்தை எவன் மெசினை நிமித்தி வச்சு அறுப்பான், கெளையை வேணா அறுக்கலாம், அடிமரத்துக்குச் சாய்ச்சாத்தான் ஆகும். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவினதுல ஆரம்பிச்சது, இன்னும் எந்திரிக்கல. மொதல்ல பிளக்கைக் கழட்டினாரு, கழட்டி என்கிட்ட நீட்டினாரு, வாங்கிப் பாத்தா மூக்கு வெள்ளை வெளேர்னு சாம்பல் பூத்த மாதிரி இருக்கு. ஆயில் கூடினா கருப்பா பிசுபிசுன்னு இருக்கும், சரியா இருந்தா காப்பித்தூள் நெறத்துல இருக்கும், வெள்ளைன்னா காத்து கூடிப்போச்சுன்னு அர்த்தம். இதெல்லாம் இவரு சொல்லிக் குடுத்ததுதான். கல்யாணமான புதுசுல ஒவ்வொருத்தன் பொண்டாட்டிக்கு என்னென்னமோ வாங்கிட்டு வந்து காட்டுவான், இவரு எனக்குப் பிளக்கைக் காட்டினாரு. பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பாத்தேன், பெறகு அதுவே பிடிச்சுப்போச்சு. பிளக்கை உப்புத்தாள்ல தேச்சு மாட்டினாரு, ஓடுச்சு, சாய்ச்சாரு, நின்னுச்சு. ஏர் பில்டரைச் சோப்புத் தண்ணியில கழுவி வெயில்ல காய வச்சாரு, வெயிலு எங்க இருக்கு இந்த மலையில, அடுப்பு மேல வச்சுக் காய வச்சது நானு. மாட்டினாரு, சாய்ச்சாரு, நின்னுச்சு. டேங்குக்குள்ள கம்பியை விட்டு உள்ள கெடக்குற குட்டி பில்டரைத் தூண்டி போட்டு எடுத்தாரு, சுத்தமாத்தான் இருந்துச்சு. சைலன்சரைத் தெறந்தாரு, கரி இருக்கு, ஆனா மூச்சை அடைக்கிற அளவுக்கு இல்ல. செயினைத் தொட்டுப் பாத்தாரு, அதைக் குத்தம் சொல்ல முடியாது, நேத்துதான் நான் அரம் போட்டேன், அறுத்தா தூளாக் கொட்டாம செதில் செதிலாக் கொட்டுது. ஒவ்வொண்ணுக்கும் தலையைத் தூக்கி என் மொகத்தைப் பாக்குறாரு. சாய்ச்சா ஆஃப் ஆகுது. விரலை ஆட்டி ஆட்டி எனக்கு மணிக்கட்டு நோகுது.

எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பில்டரைக் காய வச்சுட்டு வந்து உக்காந்தப்பவே தெரிஞ்சுபோச்சு, இன்னும் தெரியாதவ மாதிரி பீன்ஸ் உரிச்சுக்கிட்டு இருக்கேன். மெசினைச் சாய்க்கையில பின் கைப்பிடி கொஞ்சம் வெலகும், வெலகுற நேரத்துல வீல்லுங்குற சத்தத்துக்கு அடியில ஸ்ஸுன்னு ஒரு மெல்லிசு சத்தம் வருது, கைப்பிடியை அமுக்கினா அந்த ஸ்ஸு போயிருது, எஞ்சினும் தெளியுது. கார்பரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவுல பெருவெரல் தண்டிக்கு ஒரு ரப்பர் குழாய் இருக்கு, அது அடிப்பக்கம் கிழிஞ்சிருக்கு. நிமித்தி வச்சா கிழிசல் மூடிக்குது, சாய்ச்சா வாயைப் பொளக்குது, காத்து உள்ள போகுது, பெட்ரோல் பத்தாம மெசின் சாகுது. முன்னாடி ஒருக்க இதே மாதிரி ஆகி வத்தலகுண்டுக்குத் தூக்கிட்டுப் போனோம், அங்க மெக்கானிக்கு ஓடுற மெசின்ல ரெண்டு சொட்டுத் தண்ணியை அந்த எடத்துல விட்டாரு, சத்தம் சட்டுன்னு மாறுச்சு, மாறுன சத்தம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கு. அன்னைக்கு இவருக்குக் காது இருந்துச்சு, கேட்டியா புள்ள கேட்டியான்னு என் தோளைத் தட்டினாரு. இன்னைக்கு நான் எந்திரிச்சுப் போயி அந்த எடத்தைத் தொட்டுக் காட்டினாப் போதும், முடிஞ்சது வேலை. ஆனா தொட்டுக் காட்டினா நாளைக்கு மெசின் ஓடும். மெசின் ஓடினா இவரு போயிருவாரு.

காலையில ஞானராஜோட ஜீப்பு வந்துரும். மரக் காண்டிராக்டரு, நல்ல மனுசன்தான், நல்ல மனுசங்கதான் நம்மளை வசமா மாட்டி விடுறாங்க. மேல எஸ்டேட்டுல பள்ளத்துப் பக்கம் சாஞ்சு நிக்குது ஒரு சில்வர் ஓக்கு, ரெண்டு பேரு கை கோத்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது, உள்ளுக்குள்ள உளுத்துப் பொக்கு. ரெண்டு மெசின்காரங்க வந்தாங்களாம், கோடாலிக் காம்பால தட்டிப் பாத்தாங்களாம், நமக்கு வேணாஞ்சாமின்னு திரும்பிப் போயிட்டாங்களாம். சன்னாசி அண்ணே, ஒங்க கைக்குத்தான் இது அடங்கும்னு ஞானராஜ் ஒரு தாளுல எழுதிக் காட்டவும் இவருக்கு மீசை நட்டுக்கிருச்சு. யோவ், நல்ல மரம்னா விழுறதுக்கு நேரம் குடுக்கும், பொக்கு மரம் குடுக்காது, அதுக்கு இருக்குற ஒரே மரியாதை விழுறதுக்கு முன்னால ஒரு மொனகல் மொனகும், காதுள்ளவன் மெசினைப் போட்டுட்டு ஓடுவான். நீ எதைக் கேட்டு ஓடுவ? நான் கூட இருந்தா வேற. இருவது வருசம் நான்தான் கூட நின்னேன், எந்த மரம் எப்படி மொனகும்னு எனக்குத் தெரியும், காது போன பெறகும் ஒரு கயிறை இவரு இடுப்புல கட்டி மறுமுனையை நான் பிடிச்சுக்குவேன், ஒரு வெட்டு வெட்டி இழுத்தா வெலகிருவாரு. போன வருசம் பாசியில வழுக்கி என் முட்டி போச்சு, ஏத்தம் ஏற முடியலை, அதோட சரி. இப்பக் கூடப் போறது கையாளு பவுன்ராசு. அவன் என்னத்துக்கு ஆவான், கயிறு பிடிக்கச் சொன்னா கூச்சப்படுறான், ஆட்டைக் கட்டிப் பிடிச்ச மாதிரி இருக்குதாம். செவிட்டு மனுசனுக்குப் பின்னால நின்னுக்கிட்டு அண்ணே அண்ணேன்னு கத்துறானாம். போன வாரம் ஒரு காஞ்ச கொம்பு இவரு தோளுக்கும் மரத்துக்கும் நடுவுல வந்து குத்தி நின்னுச்சாம், ஒரு சாண் தள்ளியிருந்தா மண்டையில எறங்கியிருக்கும். இதை இவரு எங்கிட்டச் சொல்லலை. பவுன்ராசு பொண்டாட்டி ரேசன் கடையில சொன்னா, ஒங்களுக்குத் தெரியாதா அக்கான்னு கேட்டா, தெரியுமேன்னு சொல்லிட்டு வந்து அடுப்படியில நின்னு அழுதேன்.

போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலாம். சொல்லலாம்னு நாலு வருசமா நெனைக்கிறேன். வாய் வரைக்கும் வரும், அப்படியே முழுங்கிருவேன். போகாதீங்கன்னு சொன்னா இவரு காதுல, காதுல எங்க, மனசுல என்னன்னு விழும், நீ செவிடன், நீ லாயக்கில்லைன்னு விழும். காது மெசின் வாங்கி மாட்டினப்ப அது விசில் அடிக்குதுன்னு மூணாம் நாளு கழட்டி பீரோவுல போட்ட மனுசன், ஒருத்தர்கிட்டயும் எனக்குக் கேக்கலைன்னு சொன்னது கிடையாது, சத்தமாப் பேசுங்கன்னும் சொன்னது கிடையாது, சிரிக்கிற எடத்துல எல்லாரும் சிரிக்கிறதைப் பாத்துக் கடைசியில சிரிப்பாரு. ஊருல எவளாச்சும் செவிடன் காதுல சங்கு ஊதுன மாதிரின்னு பழமொழியை ஆரம்பிச்சுட்டு என்னையப் பாத்து நாக்கைக் கடிப்பா. இந்த மனுசன்கிட்ட எப்படிச் சொல்றது. ஆனா இவரே ஒண்ணு சொல்லியிருக்காரு, மக வீட்டுக்குப் போயிருந்தப்ப மருமகன் வேலையை விட்டுறலாமே மாமான்னு சாடையில கேக்க, இந்த மெசின் ஓடுற வரைக்கும்தான் மாப்ளே, இன்னொரு மெசின் வாங்கிக் கையில எடுக்க மாட்டேன், இது என்னைக்குப் படுக்குதோ அன்னைக்கு நானும் உக்காந்துருவேன்னாரு. வாக்கு குடுத்தா குடுத்ததுதான், அதுல சன்னாசியை அசைக்க முடியாது. அப்ப மெசின் முடிஞ்சு போச்சுன்னு நான் சொன்னா? பிஸ்டன் போச்சு, இனித் தேறாதுன்னு சொன்னா? வேற யாரு வந்து கேக்கப்போறா, கேக்குற காது என்னுது ஒண்ணுதான். சாய்ச்சா ஆஃப் ஆகுது. ஆமா ஆகுது. ஏன் ஆகுதுன்னு சொல்றது நான்தானே.

ஆத்தாடி, என்ன நெனைப்பு இது. சோறு போட்ட மெசினை உசுரோட பொதைக்கிற நெனைப்பு. திரும்பவும் இழுக்கிறாரு, இந்தத் தடவை சோக்கு போட்டுத்தான் இழுத்தாரு, ஓடுது. பள்ளத்துலேருந்து மஞ்சு ஏற ஆரம்பிச்சுருச்சு, வேலி மறைஞ்சு போச்சு, சத்தம் மட்டும் மஞ்சுல முட்டித் திரும்பி வருது. இந்தச் சத்தந்தான் தின்னுச்சு. இவரு காதைத் தின்னது இந்தச் சத்தந்தான், தின்னதுக்கு எலை போட்டது நானும் இவருமாச் சேந்து. கல்யாணமாகி ரெண்டு மூணு வருசம் இருக்கும், ஒரு எஸ்டேட்டுல தொரை இவருக்குக் காது மூடி ஒண்ணு குடுத்தாரு, ஆரஞ்சு நெறத்துல ரெண்டு கொட்டாங்குச்சியை வளையத்துல மாட்டின மாதிரி. போட்டுக்கிட்டு என் முன்னால நின்னு எப்படி இருக்கேன்னு கேட்டாரு, கரடிக்குக் கம்மல் போட்ட மாதிரி இருக்குன்னேன், அது அவருக்குக் கேக்கலை, சிரிச்சாரு. அன்னைக்கே ஒரு கொம்பு கொடியில மாட்டித் தொங்கிக்கிட்டு இருந்ததைப் பாக்காம அடியில போயி நின்னாரு, நான் கத்துறேன், கத்துறேன், திரும்பவே இல்ல, ஓடிப் போயி சட்டையைப் பிடிச்சு இழுத்தேன், கொம்பு நாங்க நின்ன எடத்துல வந்து விழுந்துச்சு. அங்கேயே அந்தக் காது மூடியைக் கழட்டினாரு. ஒன் சத்தம் கேக்காம இது எதுக்கு புள்ளன்னு அதைக் கொண்டுபோயி தொரை வீட்டு வாசல்லயே வச்சுட்டு வந்துட்டாரு. அன்னைக்கு எனக்கு எம்புட்டுப் பெருமை. ராத்திரி பூரா தூக்கம் வரலை, பெருமையில. என் புருசனுக்கு மெசின் சத்தத்துக்குள்ளயும் என் சத்தம் வேணுமாம்னு. பஞ்சு வைக்கச் சொல்லலாம், ஒரு காதுல மட்டுமாச்சும் வைக்கச் சொல்லலாம், தோணலையே, ரெண்டு பேருக்கும் தோணலையே. என் சத்தத்துக்காகத் தெறந்து வச்ச காது, தெறந்து வச்சே போயிருச்சு. இப்ப உலகத்துல எல்லாச் சத்தத்தோடயும் சேந்து என் சத்தமும் இவருக்கு இல்ல.

காது போன மொத வருசம் ஒரு கிறுக்குத்தனம் பண்ணுவேன். இவரு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்து செயினுக்கு அரம் போட்டுக்கிட்டு இருப்பாரு, நான் பின்னால நின்னு சன்னாசின்னு கூப்பிடுவேன். வாயால புருசன் பேரைச் சொல்லாதவ, ரேசன் கடையில பேரு கேட்டாக்கூட மாசத்துக்கு மாசம் விரதம் இருக்குறவங்களைச் சொல்லி, காவி கட்டுனவங்களைச் சொல்லி, கடைக்காரனைக் கிறுக்கனாக்கிட்டுக் கடைசியில மகளைச் சொல்லச் சொல்லுவேன். அப்பேர்ப்பட்டவ, ஏய் சன்னாசி, சோறு திங்க வாடா சன்னாசின்னு கூப்பிட்டுப் பாப்பேன். மொதல்ல சிரிப்பா இருந்துச்சு. பெறகு ஒரு நாளு, திரும்ப மாட்டாரான்னு இருந்துச்சு. திரும்பி, என்னடி திமிரான்னு ஒரு வசவு வஞ்சா எம்புட்டு நல்லாருக்கும்னு இருந்துச்சு. திரும்பலை. அதோட விட்டுட்டேன். இப்ப மனசுக்குள்ள மட்டும் கூப்பிடுறது. சன்னாசி, நாளைக்குப் போகாதய்யா. சன்னாசி, அந்தப் பொக்கு மரம் எனக்கு வேணாம்யா. மனசுக்குள்ள சொன்னாலும் வாயால சொன்னாலும் ஒண்ணுதான்னு ஆன பெறகு எதைத்தான் வாயால சொல்றது. அப்படிச் சொல்லிக்கிறேன், ஆனா அது பொய்யி. வாயைப் பாத்து எல்லாத்தையும் புரிஞ்சுக்குவாரு, பருப்புல உப்பு கூடன்னு நான் மொனகினாக்கூட மூஞ்சியைப் பாத்துப் புரிஞ்சுக்கிட்டு இல்ல நல்லாத்தான் இருக்கும்பாரு. பயம் எனக்குத்தான். சொன்னா உக்காந்துருவாரோங்குற பயம் ஒண்ணு, உக்காந்தா என்ன ஆவாருங்குற பயம் இன்னொண்ணு. எங்க பெரிய மாமா வண்டியை வித்துட்டு உக்காந்தாரு, எட்டு மாசத்துல கைலி இடுப்புல நிக்காம ஆளு மெலிஞ்சு போனாரு, கதவு தெறக்குற சத்தம் கேட்டா யாரு யாருன்னு கேப்பாரு, இவருக்கு அந்தக் கதவுச் சத்தம்கூடக் கெடையாதே. போனா மரம், இருந்தா செவுரு. நான் எதைச் சொல்லட்டும்.

ஆஃப் பண்ணிட்டாரு. மெசினைத் தொவைக்கிற கல்லு மேல வச்சுட்டு, கையைக் கைலியில தொடைச்சுக்கிட்டு எங்கிட்ட வாறாரு. "என்ன புள்ள, என்ன சொல்லுது?" காது போனதுலேருந்து தொண்டை கூடிப்போச்சு, எதுத்த மேட்டுல இருக்குறவங்களுக்கும் கேக்கும். நான் சொளகைக் கீழ வைக்கிறேன். இப்ப எந்திரிச்சுப் போயி அந்த ரப்பரைக் காட்டலாம், பழைய ரப்பரை வச்சு நாளைக்குப் போக முடியாது, வத்தலகுண்டு போயித்தான் வாங்கணும், அதுல ஒரு நாளு தள்ளும், ஞானராஜ் நாளான்னைக்கு ஜீப்பைக் கொண்டு வருவான், அம்புட்டுதான், மரம் அங்கேயே நிக்கும், வாயைத் தெறந்துக்கிட்டு நிக்கும். "சொல்லு புள்ள." குனிஞ்சு என் வாய்க்கு நேரா மொகத்தை வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நெத்தியில ஒரு கோடு பெட்ரோல் கரி. போன வாரம் அந்தக் கொம்பு ஒரு சாண் தள்ளி வந்திருந்தா அந்த நெத்தியிலதான் எறங்கியிருக்கும். "முடிஞ்சு போச்சு"ன்னேன். வாயை நல்லா அசைச்சுச் சொன்னேன், ஒரு கையைக் குழியா வச்சு, இன்னொரு கை விரலை அதுக்குள்ள லொட லொடன்னு ஆட்டிக் காட்டினேன். "பிஸ்டன் போச்சு. மெசின் இனித் தேறாது."

"தேறாதா?"

"தேறாது."

"நல்லாக் கேட்டியா?"

"கேட்டேன்"னு தலையை ஆட்டுறேன். தலை ஆடுது, கண்ணு அவரைப் பாக்க மாட்டேங்குது, கோழியைப் பாக்குது, மஞ்சைப் பாக்குது. சண்டை போடுவாருன்னு நெனைச்சேன், இன்னொரு தடவை கேளு, சரியாக் கேளு, ஒனக்கும் காது போச்சான்னு கத்துவாருன்னு நெனைச்சேன், கத்தியிருந்தா ஒருவேளை உண்மையைச் சொல்லியிருப்பேன். சரின்னு ஒரு வார்த்தை. திரும்பிப் போயி கல்லுக்குப் பக்கத்துல குத்துக்கால் போட்டு உக்காந்து ஸ்குருவைக் கழட்ட ஆரம்பிக்கிறாரு. மூடி கட்டி உள்ள வைக்கப்போறாருன்னு நெனைக்கிறேன். அடிப்பாவி, பண்ணிட்டியே, இருவது வருசம் ஒனக்குப் பிளக்கும் அரமும் சொல்லிக் குடுத்தவருக்கு ஒரே வார்த்தையில முடிச்சுவிட்டியே. இப்பச் சொல்லிரலாமா, விளையாட்டுக்குச் சொன்னேன்னு சொல்லிரலாமா. மேல் மூடி வந்துருச்சு. பில்டரு வந்துருச்சு. கார்பரேட்டரையும் கழட்டுறாரே, கட்டி வைக்கிறதுக்கு எதுக்குக் கார்பரேட்டரைக் கழட்டணும். உள்ளேருந்து அந்த ரப்பரை உருவினாரு. உருவி, பாக்கக்கூட இல்ல, அப்படியே மண்ணுல போட்டாரு, அடிப்பக்கம் வாயைப் பொளந்துக்கிட்டு எனக்கு நேரா வந்து விழுந்துச்சு. சட்டைப் பையிலேருந்து ஒரு பேப்பர் பொட்டலம். பிரிக்கிறாரு. புது ரப்பரு, கருகருன்னு, பவுடர்கூடப் போகலை.

நேத்து வத்தலகுண்டு போயிட்டு வந்தாரு, பெட்ரோல்ல கலக்குற டூட்டி ஆயிலு வாங்கணும்னு சொல்லிட்டுப் போனாரு. சொளகுல கையை வச்சா பீன்ஸ் எது தோலு எதுன்னு தெரியலை. அவரு பாட்டுக்கு மாட்டுறாரு, ஒண்ணொண்ணா, அவசரமே இல்லாம. கயிறை இழுத்தாரு, ஒரே இழுப்பு, வந்துருச்சு. ஆக்சிலேட்டரை விட்டதும் வேகம் தானா எறங்கி அமைதியா ஓடுது. சாய்க்கிறாரு. ஓடுது. அந்தப் பக்கம் சாய்க்கிறாரு, ஓடுது, ஏத்துறாரு, எறக்குறாரு, ஒரு பிசிறு இல்லாம, தெளிவா, வாங்கின அன்னைக்கு ஓடுன மாதிரி ஓடுது. என் மொகத்தைப் பாக்குறாரு. என்னையறியாம என் கை மூடிக்கிருச்சு. நாலு வருசப் பழக்கம், நல்ல சத்தம் கேட்டா கை மூடிக்கும், பொய் சொல்லத் தெரியாத கை. அதைப் பாத்துட்டு ஆஃப் பண்ணினாரு.

"நல்லா ஓடுதா?"

தலையை ஆட்டினேன், கண்ணுல தண்ணி தாரை தாரையா வந்துருச்சு.

"ம். கைக்கே தெரியுது புள்ள. ரப்பருதான்னு திங்கக்கெழமையே தெரிஞ்சுபோச்சு." முதுகை நிமித்தி எந்திரிச்சாரு, கையில இருந்த ஸ்பேனரைக் கல்லு மேல வச்சாரு. நான் எந்திரிக்கப் பாக்குறேன், முட்டி விட மாட்டேங்குது. ஐயோ, போகாதீங்கன்னு ஒரு வார்த்தை, அந்த ஒத்த வார்த்தைக்குத்தானே இந்த மனுசன் மத்தியானத்துலேருந்து பிளக்கைக் கழட்டி, பில்டரைக் கழட்டி, ஒவ்வொண்ணாக் கழட்டி என் மொகத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாரு, நான் மெசினைக் கேட்டுக்கிட்டு இருந்தேனே, கிறுக்கி, இந்த ஆளைக் கேக்கலையே. இப்பச் சொல்றேன், போகாதீங்க, போகாதீங்கய்யான்னு சொல்றேன், அவரு குனிஞ்சு மெசினுக்குச் சாக்கு சுத்திக்கிட்டு இருக்காரு, என் வாயைப் பாக்கலை. சுத்தி முடிச்சுட்டுத்தான் நிமிந்தாரு.

"போனை எடு. ஞானராஜுக்குப் போட்டு மெசின் முடிஞ்சு போச்சு, இனித் தேறாதுன்னு சொல்லு."

மெசின் நல்லாத்தான் இருக்குன்னு கையைக் காட்டுறேன். "நீ கேட்டதைச் சொல்லு புள்ள"ன்னாரு, கோவமா இல்ல, சாதாரணமா, எதுத்த மேட்டுக்கும் கேக்குற மாதிரி. போனு ரிங்கு போகுது. சொல்லுங்கக்கான்னு ஞானராஜ் எடுத்துட்டான். மெசின் முடிஞ்சு போச்சுப்பா, பிஸ்டன் போச்சு, இனித் தேறாது, அண்ணன் வரமாட்டாருன்னு சொன்னேன், ஒரு வார்த்தை மாத்தலை. சொல்லி முடிக்கிற வரைக்கும் அவரு என் வாயையே பாத்துக்கிட்டு நின்னாரு.